வைஸின் வாயில் சைக்கிள் ரியூப்

அன்பு மகன் கொலின்ஸுக்கு அப்பா எழுதுவது,

நீயும் மருமகளும் பேரப்பிள்ளையும் அந்தக் குளிருக்குள் ஒரு தடிமன்கூட வராமல் இருக்கவேண்டும் என்று மடுமாதாவிடம் மன்றாடிக்கொண்டேதான் உன் அம்மா இந்தக் கடதாசியையும் பேனையையும் என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் சுகத்தைக் கேட்டால், எனக்கும் அம்மாவுக்கும் தங்கச்சி நிறஞ்சலாவுக்கும் கை கால் எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன. அவளுடைய புருஷன், உன் அருமை மச்சான் றெக்ஸனுக்குத்தான் இடக்கையில் இரண்டு விரல் முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. முறித்தது உன் தங்கச்சி. அவள்மேல் மன்னார்க் கோட்டில் வழக்கு, பிணையில்தான் வீட்டில் இருக்கிறாள். அவள் மறியலுக்குப் போவதும் போகாமல் விடுவதும் இப்போது உன் கையில் இருக்கிறது, ஆனபடியால் வேலைக்குப் போகிற அவசரத்தில் இதை வாசிக்காதே, ஒரு கதிரையில் இருந்து கடைசி மட்டும் வாசி. போனில் சொல்லியிருக்கலாம். என் போனை அவன் சீமெந்தில் அடித்து நொறுக்கிவிட்டான். அம்மாவின் போனில் கதைத்தால் நீ பாதியில் லைன் விளங்கவில்லை என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்கேலாது. முன்வீட்டுப் பிறின்சி பிரான்சுக்குப் புருஷனிடம் வருகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

தங்கச்சி போன வருஷம் வெள்ளாங்குளத்துப் புருஷன் வீட்டிலிருந்து வலக்கையில் கட்டோடு வந்து இறங்கியது உனக்குத் தெரியும். கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்றாள், நாங்கள் மடையர்கள், நம்பினோம். கட்டு வெட்டின பிறகும் மணிக்கட்டு மடங்கவில்லை, ஒரு தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கப் பலமில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து நசுக்கச் சொன்னார்கள். கொஞ்ச நாள் நசுக்கிப் பார்த்தாள், பிறகு அதை மதிலுக்கு மேலால் எறிந்துபோட்டு நான் போட் என்ஜின் திருத்துகிற பட்டறைக்குள் வந்தாள். பின்சுவரோடு ஒரு புளி நின்றதே, நீ சின்னதில் கொட்டை துப்பி முளைத்தது, சுவரை வெடிக்க வைக்கும் என்று நான் வெட்டி வெட்டி விட அடி மட்டும் கை மொத்தத்தில் முண்டிக்கொண்டு நின்றது, அதைக் கோடாலியும் அலவாங்குமாகக் கிளப்பிக் கொண்டுவந்து பழைய மீன் பெட்டிக்குள் நட்டாள். அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தப் பொன்சாய்ப் பைத்தியம். வளர வேண்டிய மரத்தைச் சட்டிக்குள் அடக்கிக் குட்டையாக வைத்திருக்கிற வேலை, போனில் பார்த்துப் பார்த்துப் பழகினாள். கம்பி முறுக்க முறுக்க அந்தக் கையும் திரும்பி வந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம் வரும்.

அந்த வேலைக்கென்றே ஆயுதங்கள் விற்கிறார்களாம், இங்கே அது எங்கே கிடைக்கிறது, ஆனபடியால் என் பட்டறையைக் கொள்ளையடித்தாள். எரிந்துபோன மோட்டர்களில் இருந்து நான் கழற்றிச் சேர்த்து வைத்திருந்த செப்புக் கம்பியை அம்மாவின் அடுப்பில் போட்டுச் சிவக்கக் காய்ச்சினாள், காய்ச்சினால்தான் கம்பி இளகிக் கொப்பில் சுற்ற வளையுமாம். வலைக்குக் கோக்கிற ஈயக் குண்டுகளைக் கொப்புக்கொப்பாகத் தொங்கவிட்டாள், கொப்புத் தாழவேண்டுமாம். பிளக் உரஞ்சுகிற கம்பிப் பிரஷ் பட்டை உரிக்கப் போய்விட்டது, இறுகின ஆணி இளக்க வைத்திருந்த காஸ் விளக்கு பட்ட கொப்பைக் கருக்கப் போய்விட்டது, என் வெட்டுக் குறட்டை அரத்தால் தீட்டித் தீட்டி வாயையே மாற்றிவிட்டாள், இனி அதால் ஒரு ஆணி பிடுங்கேலாது. குசினியும் தப்பவில்லை. வேர் கோத முள்ளுக்கரண்டியை வளைத்தாள், மா அரிக்கிற அரிதட்டில் உடைந்த ஓட்டுத் தூளை அரித்தாள், வெட்டின இடத்துக்கு மஞ்சள் தூளைக் குழைத்துப் போட்டு அதற்குமேல் கோயிலில் எரிந்து மிஞ்சின மெழுகுதிரியை உருக்கிப் பூசினாள், உன் அம்மா அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஒரு என்ஜின் மூடியைக் கவிழ்த்து அதற்குள் ஆலங்கன்று வைத்திருக்கிறாள். வாடிக்கைக்காரன் வந்து மூடி எங்கே என்று கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல. இவ்வளவுக்கும் கத்தினதோடு விட்டேன், ஆனால் என் வைஸில் கை வைத்தாளே, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற அந்தப் பெரிய வைஸ், அதன் இரண்டு தாடைக்கும் சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டிவிட்டாள். மரத்தின் தோல் கிழியாமல் பிடிக்கவேண்டுமாம். சாமான் வழுக்குகிறது என்று நான் ரியூப்பைப் பிய்த்து எறிய எறிய அவள் திரும்பத் திரும்ப ஒட்டினாள். அந்தப் பிடிவாதம் யாருடையது என்று அம்மா என்னைப் பார்த்தாள்.

உள்ளதைச் சொன்னால் அந்த வேலையை எனக்குப் பார்க்கேலாது. தலையை வெட்டுகிறாள், ஆணிவேரை அறுக்கிறாள், பச்சைக் கொப்பின் தோலை உரித்து நெருப்புக் காட்டுகிறாள், மரத்துக்கு வாய் இருந்தால் நேரே பொலிசுக்குப் போகும் என்று ஒருநாள் ஏசினேன். அவள் சிரித்தாள், அவள் சிரித்து நான் கண்டு வெகுகாலம், அதனால் ஏசுவதை விட்டேன். தடித்த அடியை வளைக்கிறதுதான் பெரிய கூத்து. ஈர ரியூப்பை இறுக்கிச் சுற்றுவாள், அடியை வைஸில் கொடுத்து மேலே ஒரு இரும்புக் குழாயை மாட்டுவாள், பிறகு காதை மரத்தோடு வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல மடக்குவாள், வேர்த்து வடியும், அவசரமே படமாட்டாள். உள்ளே சடக்கென்று ஒரு சத்தம் கேட்கும், அந்த நிமிஷமே கையை எடுத்துவிடுவாள். மரம் முறிந்துவிட்டதே, இன்னும் என்னத்துக்கு அதைக் கட்டி வைக்கிறாய் என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறந்துவிடாதே. "முதல் வெடிப்போட நிப்பாட்டினா காயம் ஆறி மரம் வளைஞ்சபடி நிக்கும் அப்பா. ரெண்டாவது வெடிப்புக்குப் போனா செத்துப்போகும்."

நீ ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிகிற நேரம் பார்த்துப் போனில் கோல் எடுத்தாய். எடுத்துத் தங்கச்சியிடம், கை சுகம்தானே, இனிப் போய்ச் சேர்ந்து வாழு, ஊர் என்ன கதைக்கும், மச்சான் கோபக்காரன்தான் ஆனால் கெட்டவன் இல்லை என்று சொன்னாய். நானும் பக்கத்தில் இருந்து தலையாட்டினேன், அண்ணன்காரன் நல்லதுதானே சொல்கிறான் என்று. அவள் ஓம் அண்ணா, பாப்பம் அண்ணா என்று சொல்லி வைத்துவிட்டு நேரே பட்டறைக்குள் போய் ஏதாவது ஒரு மரத்தை வெட்டுவாள். அம்மா எத்தனை தரம் கேட்டாள், உள்ளதைச் சொல் பிள்ளை என்று. கிணற்றடி, கிணற்றடி, வேறு ஒரு கதையும் வாயால் வரவில்லை.

அன்றைக்குச் சோளகம் பேய்க் காற்றாக அடித்தது, கடலில் ஒரு போட்டும் இறங்கவில்லை, நான் முற்றத்தில் ஒரு என்ஜினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். றெக்ஸன் மோட்டர் சைக்கிளில் வந்து இறங்கினான், சாராய வெறி மணம் கேற்றடியிலேயே வந்தது. பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு போக வந்தேன் என்றான். குடி முறிந்த பிறகு வா, அவளுக்கு விருப்பம் என்றால் வருவாள் என்று மரியாதையாகத்தான் சொன்னேன், என் வாழ்க்கையிலேயே அவ்வளவு மரியாதையாக நான் கதைத்தது கிடையாது. பொலிசுக்கு எடுக்கிறேன் என்று போனைத் தொட்டதுதான், பறித்து அடித்து நொறுக்கினான், என்னைப் பிடித்துத் தள்ளினான், என்ஜின் ஸ்ராண்டில் விலா மோதி மூச்சு நின்றுவிட்டது. நான் எழும்பி வருவதற்குள் பட்டறைக்குள் புகுந்துவிட்டான். என் சுத்தியலை எடுத்தே அடித்தான் மகன், என் சுத்தியலை. வரிசையாக வைத்திருந்த முன்னை, வேம்பு, ஆல், ஒவ்வொன்றாகச் சட்டியோடு பிளந்தான், விழுந்த மரத்தைக் காலால் மிதித்து முறித்தான். இந்தக் குப்பைக்காகவா என்னை விட்டுவிட்டு இருக்கிறாய் என்று குழறினான். வைஸில் அந்த நேரம் உன் புளி பூட்டி இருந்தது, அதை உலுப்பி இழுத்துப் பிடுங்கிச் சுவரில் அடித்தான். பிறகு வலக்கையால் அவளுடைய கொண்டையைப் பிடித்துத் தலையை மேசையில் மோதினான், ஒருதரம் இல்லை, பலதரம், நெற்றி பிளந்து இரத்தம் கொட்டியது. நிற்க ஏலாத வெறி அவனுக்கு, விழாமல் இருக்க இடக்கையால் வைஸைப் பிடித்தான். புளி இருந்த அந்த வாய்க்குள் விரலைக் கொடுத்துப் பிடித்தான் மடையன்.

மேசையில் முகம் அமுங்கிக் கிடந்தவளுக்குக் கண் தெரியவில்லை, ஆனால் வைஸை இறுக்குகிற கைபிடி எங்கே இருக்கிறது என்று அறிய அவளுக்குக் கண் வேண்டியதில்லை. ஒரே சுற்று, விரல்கள் கவ்வுப்பட்டன, அவன் அலறிக்கொண்டு மயிரை விட்டான். அடுத்த கையால் எட்டி எட்டி அவளுக்கு அடித்தான், அவள் கைபிடியை விடவில்லை. நான் பெரிய ஸ்பானரோடு வாசலுக்கு வந்தேன், கர்த்தர் சாட்சியாகச் சொல்கிறேன், மண்டையைப் பிளக்கத்தான் ஓங்கினேன். இரத்தம் வழிகிற முகத்தோடு அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "அப்பா, அதைக் கீழ போடுங்கோ. இது என்ர வேலை." எனக்குக் கை தானாக இறங்கிவிட்டது. பிறகு அவள் மெல்ல மெல்லத் திருப்பினாள், அவசரமே படவில்லை, தலையைச் சரித்துக் காதுகொடுத்துக்கொண்டு திருப்பினாள், அவன் மாமா மாமா என்று என்னைக் கூப்பிட்டான், நான் ஒரு அடி அசையவில்லை. சடக்கென்று சத்தம் கேட்டது. கையை எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தால் இரண்டாவது சத்தமும் கேட்டது, அதைக் கடைசியில் எழுதுகிறேன். உன் அம்மா கழுத்தில் செபமாலையும் கையில் மீன் வெட்டுகிற கத்தியுமாக வாசலில் நின்றாள். வைஸை இளக்கினதும் அவன் சாக்குப் போல விழுந்தான். அம்மா கத்தியை நீட்டிக் கேற்றைக் காட்டினாள், மோட்டர் சைக்கிளையும் விட்டுவிட்டுப் போனான்.

பொலிசில் போய் முறைப்பாடு கொடுத்துவிட்டான். பொலிஸ்காரர் வந்து கேட்டபோது நான்தான் செய்தேன் என்று எழுதிக் கொடுத்தேன், மருமகன் மகளுக்கு அடித்தான், ஆத்திரத்தில் வைஸில் கொடுத்து நசுக்கினேன் என்று. வயது போன மனுஷன், மறியலில் கிடந்தால் என்ன குறையப்போகிறது. தமிழ் தெரிந்த சார்ஜன்ட் ஒருவர், அமைதியான மனுஷன், ஆஸ்பத்திரித் துண்டையும் வைஸையும் மாறி மாறிப் பார்த்தார். விரல் இரண்டும் முறிந்திருக்கிறது, தோல் கீறுப்படவில்லை, இதென்ன புதினம் என்று கேட்டார். பிறகு தாடையில் ஒட்டியிருந்த ரியூப்பைத் தடவிப் பார்த்து, இரும்பு பூட்டுகிறவன் இதை ஏன் ஒட்டுகிறான் ஐயா என்று கேட்டார். எனக்குப் பொய் வரவில்லை. நெற்றியில் போட்ட தையலோடு அந்த நேரம் பார்த்து உன் தங்கச்சி உள்ளே வந்தாள். "நான்தான் செய்தனான் சேர். அப்பா செய்திருந்தா ஆள் உயிரோட இருக்கமாட்டார். அவருக்கு இவ்வளவு பொறுமை இல்லை." பொலிசுக்கே சிரிப்பு வந்தது, எனக்கு அழுகை வந்தது. வைஸைச் சான்றுப் பொருள் என்று கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், பட்டறை பல்லுப் பிடுங்கின வாய் மாதிரிக் கிடக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்காக மன்னாரில் ஒரு சட்டத்தரணி பேசுகிறா, அஸ்னா என்று சின்ன வயதுப் பிள்ளை, மூளைசாலி. தலைமயிரைப் பிடித்து மோதினவனின் கையை நசுக்கினது தன்னைக் காப்பாற்றத்தான், முதல் விரலுக்கு நான் வாதாடுவேன், பொறியில் அகப்பட்டுக் கிடக்கிற ஆளின் இரண்டாவது விரலை ஏன் முறித்தாய் என்று கேட்டால் நான் என்ன சொல்ல என்றா. எவ்வளவு கேட்டும் தங்கச்சி காரணத்தைச் சொல்லவில்லை. எனக்கு ஏன் என்று தெரியும் கொலின்ஸ், நான் வாசலில் நின்றவன். முதல் வெடிப்போடு அவள் கையை எடுத்துவிட்டாள், முடித்துவிட்டாள். அப்போதுதான் அவன் குழறினான்: "என்னை மட்டும் ஏன் வதைக்கிறாய்? போன வருசம் உன்ர கையை நான் முறிச்சது உன்ர கொண்ணன் கொலின்ஸுக்கும் தெரியும். அண்டைக்கே சொன்னனான். வீட்டில சொல்லாதேங்கோ எண்டவர்." அவள் என்னைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. எடுத்த கையைத் திரும்பக் கொண்டுபோய்க் கைபிடியில் வைத்தாள். அந்த இரண்டாவது வெடிப்பு அவனுக்காக இல்லை மகன், உனக்காக.

நீ ஏன் மறைத்தாய் என்று எனக்கு விளங்கும். அப்பா அறிந்தால் கொலை விழும் என்று பயந்தாய். சரிதான், விழுந்திருக்கும். அதற்காக வாயைப் பொத்தினாய், பொத்தினதை நான் மன்னிப்பேன். ஆனால் அவன் முறித்த கை என்று தெரிந்துகொண்டே ஞாயிற்றுக்கு ஞாயிறு கோல் எடுத்துப் போ, போய் வாழு என்று எந்த வாயால் சொன்னாய்? அதை நினைக்கும்போது உன்னையும் அந்த வைஸில் பூட்டலாம் போல இருக்கிறது, ஒளிக்காமல் எழுதுகிறேன். அவன் கோட்டில் கிணற்றடிக் கதையைத்தான் சொல்லுவான். நான் உள்ளதைச் சொன்னால் எடுபடாது, முதலே பொலிசுக்குப் பொய் எழுதிக் கொடுத்த ஆள் நான். எங்களைத் தவிர அவன் தன் வாயாலேயே சொன்னது உனக்கு மட்டும்தான். நீதான் சொல்லவேண்டும். கையை முறித்தவன் அவன், எனக்குச் சொன்னான், நான் மறைத்தேன், அது அவள் காதில் விழுந்த இடத்தில்தான் அவள் நிதானம் தவறினாள் என்று நீ சட்டத்தரணியிடம் சொன்னால் அந்த இரண்டாவது விரலுக்கு ஒரு பதில் உண்டு. இதை எழுதச் சொல்லித் தங்கச்சி கேட்கவில்லை. எழுதவேண்டாம் என்றுதான் கெஞ்சினாள். அண்ணன்ர பேர் கோட்டில வரக்கூடாது அப்பா, பிள்ளைக்காரன், நான் மறியலுக்குப் போனாலும் போறன் என்று சொன்னாள். நீ அவளை மறைத்தாய், அவள் உன்னை மறைக்கிறாள்.

மற்றப்படி அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைவு. மருமகளைக் குளிருக்குள் வெறுங்காலோடு நிலத்தில் நடக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள், பேரப்பிள்ளைக்குக் கருவாட்டுத் தூளும் பிறின்சியிடம் கொடுத்திருக்கிறாள். அவன் உடைத்த மரங்களில் சிலதைத் தங்கச்சி கூட்டி ஒட்டவைத்துக் கட்டியிருக்கிறாள், ஆல் பிழைக்கும் போலத் தெரிகிறது. உன் புளி முழுக்கப் பிளந்துபோய் இலை எல்லாம் கொட்டிவிட்டது. எறிந்துவிடு என்றேன், கேட்கவில்லை, மெழுகு பூசி நிழலில் வைத்துக் காலையும் பின்னேரமும் தண்ணீர் ஊற்றுகிறாள். வைஸ் திரும்பி வந்தால் அந்த ரியூப்பை இனி நான் கழற்றமாட்டேன்.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், மடுமாதா உன் பிள்ளைக்குத் துணை நிற்கட்டும், அப்பாவின் கோபம் உன்மேல் இருந்தாலும் ஆசீர்வாதம் குறையாது. வழக்கு வருகிற மாதம் நடுப்பகுதியில் கூப்பிடுகிறார்கள். அஸ்னாவின் போன் நம்பர் இந்தக் கடதாசியின் பின்பக்கம் இருக்கிறது. முதலில் அவவுக்கு எடு, அதற்குப் பிறகு எங்களுக்கு எடு. ஞாயிறு மட்டும் பார்த்துக்கொண்டு இருக்காதே.

உன் அப்பா,
சிங்கராசா